இடித்த கையும் இழுத்த கையும்!

வைகாசி வந்துவிட்டால் வில்லியனூருக்கு ஒரு தனிப் பொலிவு. திருக்காமீசுவரர் கோயிலில் கொடி ஏறுகிறது. கொட்டு முழக்கம் கேட்கிறது. தேரோட்ட நாளிலோ தெருக் கொள்ளாத கூட்டம். பாகூரிலிருந்தும் நெட்டப்பாக்கத்திலிருந்தும், எல்லை தாண்டிய தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்தும் உழவன் வருகிறான், உழத்தி வருகிறாள், தோள்மீது குழந்தை வருகிறது. ஆண்டு முழுவதும் சேற்றிலும் வெயிலிலும் உழன்றவர்கள் ஒருநாள் கூடிக் களிக்கிறார்கள். அவர்கள்மீது நமக்குச் சினமில்லை. சினம் கொள்வது பகுத்தறிவும் ஆகாது. அறியாமையில் ஆழ்ந்திருப்பவனை ஏசுவது அறிவாளியின் வேலையன்று. அந்த அறியாமையை அரியணையில் ஏற்றி ஆதாயம் காண்போனைக் கண்டிப்பதே அவன் வேலை.

ஆகவே நாம் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் முன்னே, வடத்தின் முதற்பிடியைப் பார்க்கிறோம். அங்கே நிற்பவர் யார்? நாட்டின் குடியரசுத் தலைவரால் அமர்த்தப்பட்ட துணைநிலை ஆளுநர்! அவர் அருகே மக்கள் வாக்குப் பெற்று வந்த முதலமைச்சர்! சுற்றிலும் அமைச்சர்கள், அதிகாரிகள், காவலர்கள்! அரசியல் சட்டத்தின்மீது உறுதி எடுத்த கைகள் ஆண்டவனின் தேர்வடத்தைப் பற்றுகின்றன, படம் எடுக்கப்படுகிறது, மறுநாள் ஏடுகளில் பவனி வருகிறது.

ஏன் இப்படி என்று கேட்டால், எல்லோரும் ஒரே விடை கூறுகிறார்கள்: "பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம் ஐயா! அன்று கவர்னர் துரை வடம் பிடித்தார். இன்று ஆளுநர் பிடிக்கிறார்."

வழக்கம்! எத்தனை வழக்குகளை இந்த ஒரு சொல்லால் தள்ளுபடி செய்துவிட்டார்கள், தோழர்களே! நாம் தள்ளுபடியை ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்கிறோம்.

*

துரை வடம் பிடித்தாரே, அவர் யார்? திருநீறு பூசியவரா? தேவாரம் ஓதியவரா? சாத்திரங்களின் கணக்கிலே அவர் மிலேச்சர், மாட்டிறைச்சி உண்பவர், கடல் கடந்து வந்தவர். அந்தச் சாத்திரங்களைச் சுமந்தவர்கள் அவரை மதிலுக்கு வெளியே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினார்களா? இல்லை. வருக வருக என்று வரவேற்று வடத்தைக் கையிலே கொடுத்தார்கள்.

அதே காலத்தில், தமிழ்நாட்டுக் கோயில்கள் எத்தனையிலோ, இந்த மண்ணிலேயே பிறந்து, இந்தத் தெய்வத்தையே தொழுது, இந்தக் கோயில் நிலத்தையே உழுத சேரிவாழ் தமிழன் வாயிற்படியையும் மிதிக்க முடியாது. வைக்கத்திலே கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகவே 1924-இல் பெரியார் சிறை புக வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சி கோயிலின் கதவு தாழ்த்தப்பட்டோர்க்குத் திறந்தது 1939-இல்தான். சேற்றிலே நின்றவன் தொட்டால் தீட்டு; கோட்டையிலே நின்றவன் தொட்டால் சிறப்பு! தெய்வத்தின் தீட்டுக்கும் துப்பாக்கி தெரிந்திருக்கிறது!

இதனால் விளங்குவது என்ன? வடத்தைப் பிடித்தது பக்தியன்று, அதிகாரம். துரை கடவுளை வணங்க வரவில்லை. கடவுளை வணங்குவோர் தம்மை வணங்க வேண்டும் என்பதற்காக வந்தார். கோயிலாரும் அவருக்கு முத்தி தேடித்தர அழைக்கவில்லை. ஆள்வோன் தங்கள் பக்கம் என்று ஊருக்குக் காட்ட அழைத்தார்கள். கொடுக்கல் வாங்கல் அங்கே நடந்தது. கும்பிட்டது மட்டும் குடிமக்கள்.

துரையின் தாய்நாட்டைச் சற்றே பாருங்கள். துலூசு நகரிலே கலாசு என்ற கிழ வணிகரை, மதவெறி பிடித்த நீதிமன்றம் 1762-இல் சக்கரத்திலே கட்டி எலும்பை முறித்துக் கொன்றது. மகன் கத்தோலிக்கனாகப் போகிறான் என்று தந்தையே அவனைக் கொன்றுவிட்டார் என்பது பழி. அவர் புராட்டசுடண்டு என்பதே மெய்யான குற்றம். வால்டேர் பேனாவை எடுத்தார். மூன்றாண்டு முழங்கினார். 1765-இல் அதே நாடு, கலாசு குற்றமற்றவர் என்று அறிவித்தது. அந்தப் பேனா தொடங்கிய பயணத்தின் மைல்கல்லாக, 1905 டிசம்பர் 9-ஆம் நாள், அரசு வேறு, மதச்சபை வேறு என்று பிரெஞ்சு நாடு சட்டமே செய்தது. அங்கே பாதிரியாரின் அங்கியிலிருந்து கையை விடுவித்துக்கொண்ட அரசின் பேராளர், இங்கே தேரின் வடத்தைப் பிடித்து நின்றார். வால்டேரின் நாடு வில்லியனூருக்கு வால்டேரை அனுப்பவில்லை. கவர்னரை மட்டுமே அனுப்பியது.

*

"கிறித்தவக் கவர்னர் இந்துத் தேரை இழுத்தார் என்றால் அது மத நல்லிணக்கமல்லவா? அதைப் பாராட்ட வேண்டாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி இனிக்கிறது. விடைக்கு வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம்.

1748-ஆம் ஆண்டு, புதுச்சேரியின் கவர்னர் டூப்ளே. பாதிரிமார்களின் நெடுநாள் விருப்பம் நிறைவேறியது. நகரின் வேதபுரீசுவரர் கோயில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இட்டுக்கட்டிய கதையன்று, டூப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பிலே நெஞ்சம் பதைக்க எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேதபுரியில் கோயிலை இடித்ததும் ஒரு பிரெஞ்சுக் கவர்னரின் ஆட்சி. வில்லியனூரில் தேரை இழுத்ததும் பிரெஞ்சுக் கவர்னர்களின் ஆட்சி.

இடித்த கையும் இழுத்த கையும் ஒரே கை! அதுதான் அரசின் கை. பாதிரியாரை மகிழ்விக்க வேண்டியபோது கடப்பாரை தூக்கியது. ஊராரை மயக்க வேண்டியபோது வடம் தூக்கியது. கருவி மாறியது, காரியம் மாறவில்லை. கோயிலுக்குள் அரசின் கை நுழையலாம் என்று இன்று இழுப்பதற்காக ஒப்புக்கொண்டவன், நாளை இடிப்பதற்காக அதே கை நுழையும்போது எந்த நியாயத்தைச் சொல்லித் தடுப்பான்? பக்தர்களே, இதை உங்களுக்காகவும் சொல்கிறோம். அரசு எட்டி நிற்பது நாத்திகனுக்கு மட்டும் பாதுகாப்பன்று. ஆத்திகனுக்கும் அதுவே அரண்.

நல்லிணக்கம் என்கிறீர்களே, அது வில்லியனூரிலே ஆளுநர் வந்துதான் பிறக்க வேண்டுமா? 1877-இல் எழுந்த லூர்து மாதா கோயில் அங்கேதான் இருக்கிறது; குங்குமம் அணிந்த தாய்மார்கள் மெழுகுவத்தி ஏற்றுவதை நாள்தோறும் காணலாம். சுல்தான்பேட்டையிலே இசுலாமியத் தமிழர் வாழ்கிறார்கள். ஒரே சந்தையில் காய் வாங்குகிறார்கள். ஒரே பேருந்தில் இடிபடுகிறார்கள். ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் வருகிறார்கள். இந்த இணக்கத்துக்கு எந்த ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை. மக்களின் இணக்கம் கலப்பதிலே இருக்கிறது; அரசின் இணக்கம் எல்லா மதங்களிலிருந்தும் ஒரே தொலைவில் விலகி நிற்பதிலே இருக்கிறது. இரண்டையும் குழப்புவது நல்லிணக்கமாகாது.

"இந்து மதத்தைத்தான் சாடுவீர்களோ?" என்ற பழைய அம்பையும் எடுத்து வைத்திருப்பார்கள். அதே நாட்குறிப்பைப் புரட்டுங்கள். 1745-இல், புதுச்சேரிக் கிறித்தவக் கோயிலின் உள்ளே சாதிக் கிறித்தவர்க்கும் பறையர் கிறித்தவர்க்கும் நடுவே ஒரு சுவர் நின்றது. ஏசுவின் முன்னிலையில் சுவர்! ஒரே அப்பத்தை உண்போர்க்கு நடுவே சுவர்! தாழ்த்தப்பட்டோர் பெரிய பாதிரியாரிடம் சென்று முறையிட்டார்கள்; நாங்களும் உங்கள் பிள்ளைகள்தாமே என்று நியாயம் கேட்டார்கள்; சுவர் இடிந்தது. சுவரை இடித்தது வானத்திலிருந்து வந்த இடியன்று. தரையிலிருந்து எழுந்த கேள்வி. எந்த மதத்தின் மதிலானாலும் அதைத் தகர்க்கும் உளி கேள்வியே. நாம் கேட்பதும் அந்தக் கேள்விதான்.

*

பாகூருக்கு வருவோம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். கண்ணுக்கெட்டும் வரை வயல். அங்கே 1879-இல் கிடைத்த செப்பேடு ஒன்று வரலாற்றுப் புத்தகங்களிலே புகழ் பெற்றது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தது. மூன்று ஊர்களைப் பாகூரிலிருந்த வித்தியாத்தானத்துக்கு, அதாவது வேத சாத்திரக் கல்விக்கூடத்துக்கு, வழங்கிய ஆவணம் அது. "ஆகா! ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே கல்லூரி!" என்று பூரிப்போர் உண்டு.

பூரிக்கட்டும். ஆனால் கற்பிக்கும் தொழில் செய்யும் நமக்கு ஓர் ஐயம் எழத்தானே செய்யும்? அந்தக் கல்லூரியில் அமர்ந்தவர் யார்? வேதம் ஓதும் உரிமை பெற்ற வேதியர். அவர்களுக்குச் சோறிட்டவர் யார்? அந்த மூன்று ஊரின் உழவர். நாற்று நட்டவளின் பிள்ளைக்கு அங்கே இடமுண்டா? அவன் காதிலே வேதம் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்பதல்லவா சாத்திரம்! மூன்று ஊர் விளைச்சல் ஒரு குலத்தின் நாவுக்கு. அதை விளைவித்தவனுக்கு ஓர் எழுத்தும் இல்லை. அரசனின் கை மதத்தின் கையோடு கோத்துக்கொண்டபோது விளைந்தது இதுதான். அன்று செம்பிலே பொறித்தார்கள். இன்று செய்தித்தாளிலே அச்சிடுகிறார்கள்.

அதே பாகூரில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதுவே நமக்குப் பிடித்த செய்தி. அங்கே ஓர் ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே அதற்குத் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீர் திருநீற்றைக் கண்டு திரும்புவதில்லை. தொப்பியைக் கண்டு தயங்குவதில்லை. சிலுவையைக் கண்டு சுற்றிப் போவதில்லை. மடை திறந்தால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும், அடைத்தால் நிற்கும். வாய்க்கால் தூர்ந்தால் எந்த மந்திரமும் வயலை நனைக்காது, மண்வெட்டிதான் நனைக்கும். 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீராக்கும் திட்டம் தொடங்கியபோது, ஏரிதோறும் சங்கம் கண்டார்கள். கரை உயர்த்தவும் மதகு பழுதுபார்க்கவும் ஊரார் கூடினார்கள்.

சமுதாயம் என்றால் கோயில்தான், கோயில் இல்லையேல் ஊரே சிதறிவிடும் என்று கூறுவோர்க்கு இதைக் காட்டுகிறோம். ஊரைக் கூட்ட ஒரு பொது வேண்டும், உண்மைதான். அந்தப் பொது ஏரியாக இருக்கலாம். பள்ளியாக, படிப்பகமாக, மருத்துவமனையாக இருக்கலாம். நம்பிக்கையால் மட்டும் கூடும் கூட்டத்தில், நம்பாதவனுக்கும் வேறாக நம்புவோனுக்கும் இடமில்லை. தேவையால் கூடும் கூட்டத்தில் எல்லோருக்கும் இடமுண்டு.

*

இந்த இரு கொம்யூன்களின் பெருமையை இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது. 1880-இல் பிரெஞ்சு ஆட்சி கொம்யூன்களை அமைத்தபோதே வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்கள். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான் 1954 அக்டோபர் 18-ஆம் நாள் மக்கள் பேராளர்கள் கூடினார்கள். 178 பேர். இந்தியாவோடு இணைவதா, பிரான்சிடம் இருப்பதா? இணைய வேண்டும் என்றோர் 170. வேண்டாம் என்றோர் 8. அவ்வாண்டு நவம்பர் 1-இல் ஆட்சி கைம்மாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் நிறைவுற்றது. எந்தத் தேரும் ஓடவில்லை. எந்தக் குறியும் கேட்கவில்லை. வாக்குச் சீட்டு பேசியது, வரலாறு கேட்டது. கொம்யூன்களும் நகரசபைகளும் தேர்ந்தெடுத்த மனிதர்களின் கைதான் ஒரு நாட்டின் கொடியையே மாற்றியது.

அந்தக் கொம்யூன் பின்னர் என்னவாயிற்று? 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது எப்போது? 2006-இல்! 38 ஆண்டு இடைவெளி! 1973-இல் இயற்றிய பஞ்சாயத்துச் சட்டம் 33 ஆண்டு ஏட்டுச் சுரைக்காயாய்க் கிடந்தது. 2006-இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக 5 நகராட்சிகளிலும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை, அதிகாரிகளின் ஆட்சி. 2021-இல் தேர்தல் நாளும் குறித்தார்கள், பிறகு நிறுத்தினார்கள்.

தோழர்களே, இங்கேதான் நெஞ்சு கொதிக்கிறது. தேர் ஓடத் தவறுவதில்லை, தேர்தல் ஓடுவதில்லை! தேருக்கு ஆளுநர் வருகிறார், அமைச்சர் வருகிறார். தேர்தலுக்கு ஆண்டு கணக்கில் தடை வருகிறது, தவணை வருகிறது. கல்தெருவில் நிற்கும் சாக்கடைக்கு யாரிடம் முறையிடுவது? தெருவிளக்குக்கு யாரைக் கேட்பது? கேட்க ஒரு மன்றம் இல்லாத மக்களுக்கு இழுக்க ஒரு வடம் தருகிறார்கள். ஆட்சி செய்ய வேண்டிய இடத்தில் காட்சி தருகிறார்கள்! 2023-இல் திருக்காஞ்சியில் சங்கராபரணிக்குப் புஷ்கரணி விழா எடுத்தார்கள். ஆற்றிலே முழுக்குப் போட அத்தனை ஏற்பாடு! ஆற்றைக் காக்கும் உரிமையோடு ஒரு கொம்யூன் மன்றத்தை அமர்த்த மட்டும் ஏற்பாடு இல்லை.

இதுதான் பொதுவாழ்வில் மதம் செய்யும் வேலை. மக்கள் ஆட்சி வெற்றிடமாகும்போது மகேசன் அந்த இடத்தில் அமர்த்தப்படுகிறார். மகேசன் கணக்குக் கேட்க மாட்டார் என்பது ஆள்வோர்க்குத் தெரியும்!

*

"கோயிலை அரசுதானே நிர்வகிக்கிறது? 1972-ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டமே இருக்கிறதே. பிறகு ஆளுநர் இழுத்தால் என்ன?" என்று சட்டம் பேசுவோர் உண்டு. கணக்கைப் பார்ப்பது வேறு, காவடி எடுப்பது வேறு. பால் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்யும் அதிகாரி, மாட்டுக்குப் பூசை செய்து தீர்த்தம் குடித்துவிட்டா வருகிறார்? ஊரார் காணிக்கையும் கோயில் நிலமும் ஒருசிலர் வயிற்றுக்குள் போகாமல் காப்பது அரசின் கடமை. அதற்குப் பேனா போதும், வடம் வேண்டாம்.

அரசு தேரடிக்கு வரத்தான் வேண்டும் என்றால், வர வேண்டிய காரணம் ஒன்றே ஒன்று உண்டு. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியைப் பாருங்கள். நான்கு நாட்டாருக்கே வடம் உரிமை என்றார்கள். எங்கள் கைக்கும் வடம் வேண்டும் என்று தாழ்த்தப்பட்டோர் 1998-இல் குரல் எழுப்பினார்கள். பூசல் மூண்டது, வழக்கு நடந்தது, ஆண்டுக் கணக்கில் தேர் நின்றே போயிற்று. 2024 ஜூனில் காவலர் சூழத்தான் அது மீண்டும் நகர்ந்தது. அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 25-ஆம் பிரிவு, பொதுக் கோயில்களை எல்லா வகுப்பார்க்கும் திறந்துவிடச் சட்டம் செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆகவே அரசின் கை பிடிக்க வேண்டியது வடத்தையன்று. வடத்தைத் தொடவிடாமல் தடுக்கும் கையை! கவர்னருக்கு முதற்பிடி தந்த நாடு, கண்டதேவிக் குடிமகனுக்குக் கடைசிப்பிடி தரவும் கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டதே, அந்த வெட்கத்தைத் துடைப்பதுதான் அரசின் பணி.

இது புதுக் கொள்கையன்று. சோமநாதர் கோயில் விழாவுக்குக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் 1951-இல் செல்ல முற்பட்டபோது, பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அறிஞர் அண்ணாவின் அரசு, அலுவலகங்களிலே தொங்கிய சாமி படங்களை மெல்ல அகற்றுமாறு 1968-இல் அறிவுறுத்தியது. யார் வீட்டுப் பூசையறையையும் அண்ணா தொடவில்லை. அரசின் சுவரை மட்டுமே தூய்மை செய்தார். 1976-இல் சேர்த்த 51-அ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. வகுப்பறையிலே இதைக் கற்பிக்கிறோம். பலகையில் எழுதியதைத் தேரடியில் அழிக்கிறார்களே, எந்தப் பாடத்தைப் பிள்ளைகள் நம்புவார்கள்?

*

நம் கோரிக்கை எளிது. ஆளுநரும் அமைச்சரும் பக்தராயின், போகட்டும், யாரும் தடுக்கவில்லை. சைரன் இல்லாமல், முதல் மரியாதை இல்லாமல், கூட்டத்தில் ஒருவராய்ப் போய் வடத்தின் எந்தப் பகுதியையும் தொட்டுவிட்டு வரட்டும். நம்பிக்கை மனிதனுடையது; பதவி மக்களுடையது. மக்களின் பொருளை எடுத்து மனிதன் தன் தெய்வத்துக்குக் காணிக்கை வைக்கலாகாது.

தேர் ஓடும் ஊர்களில், எல்லாத் தெருவுக்கும் ஓடட்டும். எல்லாக் கையும் வடத்தில் படட்டும். வழிபடுவதா வேண்டாமா என்பதை அந்தக் கைகள் முடிவு செய்யட்டும். சாதி முடிவு செய்ய வேண்டாம்.

கொம்யூனுக்குத் தேர்தல் ஒழுங்காக நடக்கட்டும். கீழூரில் 178 கைகள் செய்த வேலையை, வில்லியனூர் பாகூர் மக்களின் கைகள் தங்கள் தெருவுக்கும் ஏரிக்கும் செய்யட்டும்.

இளைஞனே! இதை ஊருக்குச் சொல். திண்ணையில் சொல், தேநீர்க் கடையில் சொல், ஏரிக்கரையில் சொல். சாமி கும்பிடும் உன் தாயை ஏளனம் செய்யாதே. அவள் கும்பிடுவது பிள்ளைகளின் நலத்துக்காக. அந்த நலத்தைத் தர வேண்டியவன் யார், தராமல் வடம் பிடித்து நிற்பவன் யார் என்பதை அவளுக்கு விளக்கு. அவள் புரிந்துகொள்வாள், புரிந்துகொண்டால் அவளைப்போல் கேட்பவர் எவருமில்லை.

தேர் தெருவைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். அது தேரின் முறை. நாடு அப்படிச் சுற்றி நிற்கலாகாது. அது முன்னே செல்ல வேண்டும். அதற்கு வேண்டிய வடம் அறிவு. அதைப் பிடிக்க ஆளுநரை எதிர்பாராதே. உன் கை போதும். பிடி!